பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா, முகுந்துக்கு அசோக சக்ரா, பழனிக்கு வீர் சக்ரா: எந்தக் கணக்கில்?

கரிசல்மண்:
ஒரு பள்ளிச் சுவரில் வைக்க, தமிழ் வீரர்கள் ஐவரின் பெயர்ப்பலகை தயாராகிறது. சுபேதார் சுப்பிரமணியன், மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மேஜர் மாரியப்பன் சரவணன், மேஜர் முகுந்த் வரதராஜன், ஹவில்தார் பழனி. முதல் வரைவில் முகுந்துக்கும் "பரம்வீர் சக்ரா" என்று எழுதிவிட்டார்கள். அது அசோக சக்ரா என்று திருத்தியதும் அடுத்த கேள்வி கிளம்பிவிட்டது. அசோக சக்ராவை "அமைதிக்கால விருது" என்கிறார்களே, துப்பாக்கிச் சண்டையில் உயிரைவிட்டவருக்கு எந்த அமைதிக்காலம்? 2020இல் போரே நடக்காதபோது பழனிக்குப் போர்க்கால வரிசையில் வீர் சக்ரா எப்படி வந்தது? பிள்ளைகள் தினமும் படிக்கப்போகிற பலகை. தப்பில்லாமல் இருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவேடு:
நல்ல வேளை, பலகைக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பே கேட்டீர்கள். "போர்க்காலம், அமைதிக்காலம்" என்பது பத்திரிகைகள் சுருக்கிச் சொல்லும் சொல். விதி அதைப் பார்ப்பதில்லை. எதிரில் நின்றது யார் என்பதைத்தான் பார்க்கிறது.

பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா மூன்றும் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு. மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டன. 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த செயல்களுக்குச் செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். 1947-48 காஷ்மீர்ப் போரில் வீழ்ந்த மேஜர் சோம்நாத் சர்மா முதல் பரம்வீர் சக்ராவைப் பெற்றது அப்படித்தான்.

அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ரா மூன்றும் எதிரியின் முன்னிலை அல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு. 1952இல் அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றுதான் தொடங்கியது. இன்றைய பெயர்கள் 1967இல் வந்தவை. பழைய ஆவணத்தில் "அசோக சக்ரா மூன்றாம் வகுப்பு" என்று இருந்தால் அது இன்றைய சௌர்ய சக்ரா. இதைக் கவனிக்காமல் அசோக சக்ரா என்றே பலகையில் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

இப்போது பழனியையும் முகுந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 15, கல்வான். துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. கல்லும் இரும்புக் கம்பியும் கைகலப்பும்தான். ஆனால் எதிரே நின்றது இன்னொரு நாட்டின் ராணுவம். அதனால் 81 ஃபீல்டு ரெஜிமெண்டின் ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா, அதே இரவில் வீழ்ந்த 16 பிகார் கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்ரா. 2014 ஏப்ரல் 25, ஷோபியான் மாவட்டம் காஸிபத்ரி. வீட்டுக்குள்ளிருந்து தானியங்கித் துப்பாக்கிகள் சுட்டன. மூன்று தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள். மேஜர் முகுந்தும் சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிரிழந்தார்கள். ஆனால் அது நாட்டுக்குள் நடந்த தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை, ஆகவே அசோக சக்ரா வரிசை. குண்டு பறந்ததா இல்லையா என்பதற்கும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை.

வைகைக்கரை:
அப்படியானால் பரமேஸ்வரன் விஷயம் உதைக்கிறதே. 1987இல் யாழ்ப்பாணத்தில் எதிரே நின்றது எந்த நாட்டு ராணுவம்? அவருக்கும் அசோக சக்ராதானே வந்திருக்க வேண்டும்?

பதிவேடு:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். "எதிரி" என்றால் சீருடை போட்ட அந்நிய ராணுவம் மட்டும்தான் என்றோ, போர்ப் பிரகடனம் இருக்க வேண்டும் என்றோ விருதின் விதியில் இல்லை. நடைமுறையில் அரசு ஒவ்வொரு நடவடிக்கையையும் எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானிக்கிறது. நாட்டெல்லைக்கு வெளியே அனுப்பிய படை என்பதால், இலங்கையில் இந்திய அமைதிப்படை நடத்திய ஆபரேஷன் பவன் போர் வரிசைக்குள் வந்தது. அங்கே மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1961இல் காங்கோவில் ஐ.நா. படையாகப் போன கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்ரா. இந்தியா காங்கோவோடு போரிடவில்லை. எதிரே இருந்தது கட்டாங்கா பிரிவினைப் படை. 1987 ஜூனில் சியாச்சினில் பாகிஸ்தான் காவல்நிலையைப் பிடித்த நாயப் சுபேதார் பானா சிங்குக்கும் பரம்வீர் சக்ரா. அப்போதும் அறிவித்த போர் எதுவும் கிடையாது.

பரமேஸ்வரன் 8 மகார் பட்டாலியனைச் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 பின்னிரவில், ஒரு தேடுதலை முடித்துத் திரும்பும் வழியில் அவருடைய அணி பதுங்கித் தாக்கப்பட்டது. முன்பக்கமாக மோதாமல் சுற்றி வளைத்துப் பின்புறமிருந்து பாய்ந்தார். நெருங்கிய கைகலப்பில் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டார். விழும்வரை கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். 1988 குடியரசு தினத்தில் விருது. இதுவரை 21 பேருக்குத்தான் பரம்வீர் சக்ரா கிடைத்திருக்கிறது. அதில் 14 பேர் அதைக் கையில் வாங்க உயிரோடு இல்லை.

யாழ்வாசி:
ஒரு வேண்டுகோள், அண்ணை. கந்தரோடைப் பக்கம் நடந்த சண்டை அது. அந்த மாதங்கள் எங்கட சனத்துக்கு இன்னும் ஆறாத காயம். ஒரு படைவீரனின்ர துணிச்சலைப் பேசுறதில எனக்கு மறுப்பில்லை. ஆனா பலகையில எதிர்த்தரப்பைப் பற்றி அடைமொழி ஒண்டும் போடாதேங்கோ. பெயர், படைப்பிரிவு, நாள், இடம், விருது. அவ்வளவும் போதும்.

பதிவேடு:
முழுக்க ஏற்கிறேன். ஐவருக்குமே அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எழுத்தும் பெரிதாக வரும், தூரத்திலிருந்து வாசிக்கலாம்.

வைகைக்கரை:
விதி புரிந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. 2017 ஆகஸ்டிலிருந்து மாதாந்திரப் படி பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், அசோக சக்ராவுக்கு 12,000. மகாவீருக்கு 10,000, கீர்த்திக்கு 9,000. வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்யாவுக்கு 6,000. ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டாம் வரிசைக்குக் குறைவுதான். இரண்டு விருதின் விதியிலும் வீரத்தைச் சொல்லும் வாசகம் ஏறக்குறைய ஒன்றே. எதிரே நின்றவன் யார் என்பதை அந்த வீரன் தேர்ந்தெடுக்கவில்லை. அப்புறம் எதற்கு 8,000 ரூபாய் வித்தியாசம்? தன் ரெஜிமெண்டிலிருந்து ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்குப் போகிற ஒருவர் அங்கே இருக்கும் காலம் முழுக்கத் தீவிரவாத எதிர்ப்பிலேயே இருப்பார். பரம்வீர் சக்ராவுக்கு வாய்ப்பே இல்லாத இடத்தில் நின்று அதே துணிச்சலைக் காட்டுகிறார். இது நியாயமில்லை என்று பலகையில் எழுத முடியாது, இங்கே எழுதலாம்.

பதிவேடு:
பணத்தைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நானும். மரியாதை வரிசையில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. பாரத ரத்னாவுக்கு அடுத்து பரம்வீர் சக்ரா. அதற்கு நேர் அடுத்து அசோக சக்ரா. பத்ம விபூஷணே அதற்குக் கீழேதான். மகாவீர் சக்ராவைவிட அசோக சக்ரா மேலே. ஆகவே "போர் விருதெல்லாம் மேலே, மற்றதெல்லாம் கீழே" என்று யாராவது சொன்னால் அது தப்பு. குடியரசு தின அணிவகுப்பிலேயே குடியரசுத் தலைவர் கையால் தருவதும் இந்த இரண்டை மட்டும்தான். முகுந்தின் மனைவி 2015 ஜனவரி 26 அன்று அங்கேதான் பெற்றுக்கொண்டார். பழனியின் மனைவி பெற்றது 2021 நவம்பரில், ராஷ்டிரபதி பவனில் நடந்த விருது வழங்கும் விழாவில். பலகையில் ஆண்டு போடும்போது செயல் நடந்த நாளைப் போடுங்கள். அறிவித்த நாள், வழங்கிய நாள் என்று தேதிகள் மூன்று இருக்கும், குழப்பிவிடும்.

படியைப் பற்றி இன்னொன்று, குடும்பங்களுக்குப் பயன்படும். வீரர் மறைந்த பிறகு மனைவிக்கு அது தொடரும். மறுமணம் செய்தால் நின்றுவிடும், கணவரின் சகோதரரை மணந்தால் மட்டும் நிற்காது என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2017 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வாழ்நாள் முழுக்க உண்டு. பழைய நிபந்தனையை நம்பிக் கேட்காமலே இருப்பவர்கள் யாராவது தெரிந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஓய்வூதியத்தோடு சேர்ந்தே இந்தப் படி வருவதால் நவம்பர் மாத வாழ்நாள் சான்றைத் தவறவிட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஆதாரில் ஒரு பெயர், ராணுவப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டல் என்பது தமிழ்ப் பெயர்களில் வழக்கமான சிக்கல். தந்தை பெயரின் தலையெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதிலேயே மாட்டிக்கொள்ளும்.

கரிசல்மண்:
நன்றி ஐயா. சரவணன் பற்றி ஒரு சந்தேகம். 1999 கார்கில் போரில் படாலிக்கில் அவர் செய்ததைப் படித்தால் வீர் சக்ரா என்பது குறைவாகத் தெரிகிறது. எந்த மட்டம் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

களக்குறிப்பு:
இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எல்லாம் சைடேஷன் என்கிற பரிந்துரைக் குறிப்பில் இருக்கிறது. சண்டை நடந்த பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர் அதை எழுதுவார். பிறகு பிரிகேடு, டிவிஷன், கோர், கமாண்டு என்று ஏறி ராணுவத் தலைமையகம் போகும். கடைசியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் மத்திய விருதுக் குழு. அங்கிருந்து பிரதமர், குடியரசுத் தலைவர். வழியில் எந்த மட்டத்திலும் "இதற்கு மகாவீர் போதும், வீர் சக்ரா போதும்" என்று இறக்கிப் பரிந்துரைக்கலாம். அறிவிப்பு வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி 26, ஆகஸ்ட் 15.

மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த மலையைப் பார்த்ததில்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரு பக்கக் காகிதம். அந்தக் காகிதத்தில் எத்தனை மணி, எந்த இடம், கொடுத்த வேலை என்ன, எதிரியின் துப்பாக்கி எங்கிருந்து சுட்டது, எவ்வளவு தூரம், இவர் மட்டும் தனியாகச் செய்தது என்ன, அதனால் என்ன மாறியது, பார்த்தவர் யார், இத்தனையும் இருக்க வேண்டும். "அசாத்தியத் துணிச்சலுடன் போரிட்டு வீரமரணம் எய்தினார்" என்று மூன்று வரி போட்டால் அது இரங்கல் குறிப்பு; விருதுக்கு உதவாது. சாட்சி இல்லாமல் போவதுதான் பெரிய கொடுமை. ஒரு செக்‌ஷன் என்கிற சிறு அணி முழுக்க அழிந்துவிட்டால் அங்கே யார் என்ன செய்தார் என்று சொல்ல ஆளே இருக்காது. எத்தனையோ பேரின் வீரம் அப்படிப் பதிவே ஆகாமல் போயிருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிற விஷயம் இது.

சில சமயம் எதிரியே சாட்சியாகியிருக்கிறான். 1999இல் டைகர் ஹில்லில் விழுந்த பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது பெயர், பதவியல்ல) எவ்வளவு துணிவாகப் போரிட்டார் என்று இந்திய பிரிகேடியர் பாஜ்வா எழுதி, உடலின் சட்டைப்பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் அவருக்கு நிஷான்-ஏ-ஹைதர் கொடுத்தது. அந்நாட்டின் மிக உயரிய ராணுவ விருது அது.

சரவணன் 1 பிகார். 1999 மே 29, படாலிக், 14,000 அடிக்கு மேல். விடியும் முன் ஏறிப்போய் ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் அரணைத் தாக்கி இருவரை வீழ்த்தினார். காயம்பட்ட பிறகும் பின்வாங்கவில்லை. எதிரியின் துப்பாக்கிகள் அந்தச் சரிவை முழுக்க அடைத்துக்கொண்டிருந்ததால் உடலை மீட்கவே ஜூலை ஆகிவிட்டது. மே மாத இறுதி என்பதையும் கவனியுங்கள். மேலே எத்தனை பேர், எவ்வளவு ஆயுதம் என்பது சரியாகத் தெரியாமல் முதல் அணிகள் ஏறிய நாட்கள் அவை. அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் பலகையில் கிடைத்ததைத்தான் போட வேண்டும்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். டைகர் ஹில்லில் பரம்வீர் சக்ரா பெற்ற 18 கிரனேடியர்ஸ் யோகேந்திர சிங் யாதவை முதலில் "மறைவுக்குப் பின்" என்றே அறிவித்தார்கள். அவரோ மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அதே படையில் அதே பெயரில் இன்னொருவர் வீழ்ந்திருந்தார். ராணுவ எண்ணைப் பார்க்காமல் பெயரைப் பார்த்தால் வரும் வினை அது.

வைகைக்கரை:
தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பட்டியலில்தான் இருப்பார் என்று நினைத்துத் தேடிக் கைவிடுகிறார்கள். பரமேஸ்வரன் மகார், சரவணன் பிகார், முகுந்த் ராஜ்புத் ரெஜிமெண்டிலிருந்து 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸ், பழனி பீரங்கிப்படை. ஐவரில் பெயரிலேயே மெட்ராஸ் உள்ள படை சுப்பிரமணியனுடையது மட்டும். அதுவும் காலாட்படை இல்லை, சேப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கேலன்ட்ரி அவார்ட்ஸ் இணையதளத்தில் விருது வாரியாகத் தேடினால் சைடேஷனையே வாசிக்கலாம்.

கரிசல்மண்:
அந்தச் சுபேதார் சுப்பிரமணியனுக்கு வருவோம். ஆங்கிலேயர் கொடுத்த விருது ஜார்ஜ் கிராஸா, விக்டோரியா கிராஸா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

களக்குறிப்பு:
ஜார்ஜ் கிராஸ். மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படை, 1944, இத்தாலியில் மின்யானோ. கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஒரு வெடி கிளம்பியதும் அதன்மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். அந்தக் கண்ணியைப் புதைத்தது ஜெர்மானியர்கள்தான். ஆனால் அந்த நிமிடத்தில் எதிரே யாரும் இல்லை. விக்டோரியா கிராஸுக்கு எதிரியின் முன்னிலை வேண்டும். 1940இல் வந்த ஜார்ஜ் கிராஸ் அது இல்லாத இடத்துக்கு. இன்று பரம்வீர், அசோக சக்ரா என்று நாம் பிரிக்கிற கோடு அங்கிருந்து வந்ததுதான். அதனால் ஜார்ஜ் கிராஸை "அன்றைய அசோக சக்ரா" என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியும்.

ஆங்கிலேயர் காலத்தின் இன்னொரு பழக்கத்தை நாம் தொடரவில்லை என்பதில் எனக்குப் பெருமை. அன்று ஒரே சண்டையில் ஒரே செயலுக்கு அதிகாரிக்கு ஒரு பதக்கம், சிப்பாய்க்கு வேறு பதக்கம். விக்டோரியா கிராஸே 1911 வரை இந்தியச் சிப்பாய்க்குக் கிடையாது. இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 1950இல் வந்த சக்ராக்களில் பதவி பேதமே இல்லை. 1971 போரில் பரம்வீர் சக்ரா பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்காவுக்கும் மேஜர் பரமேஸ்வரனுக்கும் கிடைத்தது ஒரே உலோகம், ஒரே நாடா.

செப்புக்காசு:
பலகையில் பதக்கப் படம் வரைவதாக இருந்தால் பெயின்டரிடம் இதைக் கொடுங்கள். வழக்கமாகத் தப்பு நடப்பது நாடாவின் நிறத்தில்.

பரம்வீர் சக்ரா வெண்கலம், வட்டம், குறுக்களவு சுமார் 35 மில்லிமீட்டர். நடுவில் அரசுச் சின்னம், சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. தங்க நிறத்தில் வரைந்துவிடுவார்கள், கூடாது. மிக உயர்ந்த விருது வெண்கலத்தில்தான் இருக்கிறது. நாடா கோடே இல்லாத ஊதா. வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். அசோக சக்ராதான் தங்க முலாம். நடுவில் அசோகச் சக்கரம், சுற்றித் தாமரை வளையம், பச்சை நாடாவில் நடுவே ஒரு ஆரஞ்சுக் கோடு. கோடு இரண்டாக இருந்தால் அது கீர்த்தி, மூன்றானால் சௌர்யா. பெயின்டர் அழகுக்காக ஒரு கோடு கூட்டிவிட்டால் விருதே மாறிப்போகும். வீர் சக்ரா வெள்ளி, ஐந்துமுனை நட்சத்திரம், நாடா பாதி கருநீலம் பாதி ஆரஞ்சு. ஜார்ஜ் கிராஸும் வெள்ளிதான், சிலுவை வடிவம், கருநீல நாடா.

வீட்டில் அசல் பதக்கம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். விழாவுக்கு முன்னால் பளபளக்கட்டும் என்று பிராசோ பாலீஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அசோக சக்ராவின் முலாம் போய்விடும், வெள்ளியில் எழுத்தின் விளிம்பு மழுங்கும். விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருந்தால் அதுவே அந்தப் பதக்கம் இன்னாருடையது என்பதற்கு ஆதாரம். அது தேய்ந்தால் திரும்ப வராது. உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். ஃபிரேம் போடுபவர் வெல்வெட்டில் பசை வைத்து ஒட்டப் பார்ப்பார். நாடாவின் பின்புறம் நூலால் நாலு தையல் போடச் சொல்லுங்கள். செய்தித்தாளில் சுற்றி வைத்தால் வெள்ளி கறுக்கும், ரப்பர் பேண்டும் அப்படியே. ஃபிரேமை வெயில் படும் சுவரில் மாட்டினால் ஊதா நாடா சில வருடங்களில் வெளிறிச் சாம்பல் நிறமாகிவிடும்.

கரிசல்மண்:
எல்லோருக்கும் நன்றி. திருத்திய வரைவு இது, கால வரிசையில்:

சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். மின்யானோ, இத்தாலி, 1944. ஜார்ஜ் கிராஸ்.
மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 8 மகார். யாழ்ப்பாணம், 25.11.1987. பரம்வீர் சக்ரா.
மேஜர் மாரியப்பன் சரவணன், 1 பிகார். படாலிக், 29.5.1999. வீர் சக்ரா.
மேஜர் முகுந்த் வரதராஜன், 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸ். ஷோபியான், 25.4.2014. அசோக சக்ரா.
ஹவில்தார் பழனி, 81 ஃபீல்டு ரெஜிமெண்ட். கல்வான், 15.6.2020. வீர் சக்ரா.

பதிவேடு:
சரியாக இருக்கிறது. ஐந்து பேருக்குமே மறைவுக்குப் பின் வழங்கப்பட்டவை என்பதால் தனித்தனியாகப் போடாமல் கீழே ஒரே வரியில் போட்டுவிடுங்கள். பழனியின் பெயருக்கு முன் "கே." என்ற தலையெழுத்தைச் சேருங்கள், படைப் பதிவில் அப்படித்தான் இருக்கிறது. ஐந்து வரிக்கும் எழுத்தின் அளவு ஒன்றாக இருக்கட்டும். விருதின் உயரத்துக்கு ஏற்ப எழுத்தைப் பெரிதும் சிறிதுமாக்க வேண்டாம்.

கரிசல்மண்:
சேர்த்துவிட்டேன். எழுத்து ஐவருக்கும் ஒரே அளவுதான் என்று பெயின்டரிடம் சொல்லியாயிற்று. நாடா நிறக் குறிப்பையும் அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன்.